நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்

என் தங்கை மகள் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்த சமயம், வீட்டில் ஒரு பேச்சு வந்தது. இன்னொரு வருஷம் நீட் எழுதிப் பார்க்கலாமே, எதற்கு அவசரம் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணோ தன் விருப்பத்தில்தான் சேர்ந்திருந்தாள். அவளுக்குத் துணையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் சிசிலி சாண்டர்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தேன். லண்டனில் நர்ஸாகத் தொடங்கியவர், பிறகு டாக்டரானவர், சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைப் போக்குவது மருத்துவத்தின் வேலைதான் என்று உலகத்தையே ஒப்புக்கொள்ள வைத்தவர் என்றெல்லாம் சொன்னேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தம்மா அப்புறம் டாக்டருக்குப் படிச்சாங்கன்னு நீயேதானம்மா சொல்ற? நர்ஸாவே இருந்திருந்தா இதெல்லாம் அவங்களால செஞ்சிருக்க முடியுமா?" என்றார். அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முடிந்திருக்காது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வந்த விஷயமே தலைகீழாகிவிடும் என்றும் தோன்றியது. அன்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

சாண்டர்ஸின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அதன் முதல் பாதி நன்றாகவே தெரிந்திருக்கும். 1918இல் லண்டனை ஒட்டிய பார்னெட்டில், வசதியான வீட்டில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. 1940இல் படிப்பை நிறுத்திவிட்டு, செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் முதுகு ஒத்துழைக்கவில்லை. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுகிற வேலை இனி வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக்ஸ்போர்டு படிப்பை முடித்து, மருத்துவமனையில் சமூகப் பணியாளராகத் திரும்பி வந்தார். நோயாளியின் வீட்டு நிலவரம், பணக் கஷ்டம், அடுத்து எங்கே போவது என்பதையெல்லாம் கவனிக்கிற வேலை அது. அந்த வேலையில்தான் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். வார்சாவிலிருந்து வந்த போலந்து யூதர், உணவகத்தில் பரிமாறுபவர், நாற்பது வயது, அறுவை செய்ய முடியாத புற்றுநோய். உறவென்று சொல்லிக்கொள்ள லண்டனில் யாரும் இல்லை. இருவருக்கும் இடையே ஒரு காதல் மலர்ந்தது. சாகப்போகிறவர்களுக்கு இந்த வார்டைவிட நல்ல இடம் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசிக் கற்பனை செய்தார்கள். 1948 பிப்ரவரியில் அவர் இறந்தபோது சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார், உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி.

இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் அந்தக் காதலிலும் ஜன்னலிலும் நின்றுவிடுகின்றன. நானும் முதல் முறை படித்தபோது அங்கேதான் கண்கலங்கினேன். ஆனால் அதற்கு அடுத்து வருகிற, யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எஸ்.ஓ.எஸ்.

அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் இனி வலிக்கு மட்டும் பார்ப்போம் என்றார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அன்றைக்கு எங்கே சேர்த்திருந்தாலும் அநேகமாக இதேதான் நடந்திருக்கும். கேஸ் ஷீட்டில் வலி ஊசிக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது. வலி தாங்க முடியாமல் போனால் மட்டும் போட வேண்டும் என்று அர்த்தம். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். வலித்தால் மருந்து, வலிக்காவிட்டால் எதற்கு மருந்து?

ராத்திரியில் அது எப்படி நடக்கும் என்பது பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். நடுநிசி தாண்டியதும் அத்தை புரள ஆரம்பிப்பாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். "தூங்கு கண்ணு, ஒண்ணுமில்ல" என்பாள். அவளைப் பொறுத்தவரை கூப்பிட்டுக் கேட்பது என்பதே பிறத்தியாருக்குத் தொந்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்தவரை பார்ப்பாள். பிறகு முனகல் வரும். நான் ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுவேன். சிஸ்டர் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்வார். அவர் அவசரப் பிரிவில் இருப்பார். அவர் சொல்லி, அலமாரி திறந்து, பதிவேட்டில் எழுதி, ஊசி வந்து, அது வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் அத்தை வேறு ஒருத்தியாகியிருப்பாள். அதற்கப்புறம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். விடிந்ததும் ரவுண்ட்ஸில் டாக்டர், "ராத்திரி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்பார். "பரவால்லீங்க சார்" என்பாள்.

இரவு நேர சிஸ்டர் ஒருவர் என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "இவங்களுக்கு ஒரு மணிக்கு மேல வலி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. பன்னெண்டரைக்கே போட்டுட்டா நிம்மதியாத் தூங்குவாங்க. ஆனா அதை நான் எழுத முடியாதே." அவர் சும்மா இருக்கவும் இல்லை. காலை ரவுண்ட்ஸில் சொல்லிப் பார்த்தார், நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அடிக்கடி கொடுத்தால் பழகிவிடும் என்று பதில் வந்தது. இன்னும் சில வாரங்களே வாழப்போகிற ஒருத்திக்கு மருந்து பழகிவிடும் என்ற கவலை. அந்த டாக்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர். அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

செயின்ட் லூக்ஸின் கடிகாரம்

டாஸ்மா இறந்த பிறகு சாண்டர்ஸ் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த பகுதி. பகலில் சமூகப் பணியாளர் வேலை. மாலை நேரங்களில் பேஸ்வாட்டரில் இருந்த செயின்ட் லூக்ஸ் என்ற இடத்துக்குப் போய், தன்னார்வத்தில் நர்ஸாக வேலை பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சாகும் ஏழைகளுக்கான இல்லமாகத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே அவர் பார்த்த காட்சி அவர் பயிற்சி பெற்ற மருத்துவமனை வார்டுகளில் பார்த்ததிலிருந்து வேறாக இருந்தது. நோயாளிகள் வலியில் துடிக்கவில்லை. மயங்கியும் கிடக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள். காரணம் மிகச் சாதாரணமானது. அங்கிருந்த நர்ஸுகள் வலி வரும் வரை காத்திருக்கவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மணி பார்த்து மார்ஃபின் கொடுத்தார்கள். முந்தைய மருந்தின் வேகம் அடங்குவதற்குள் அடுத்த வேளை உள்ளே போய்விடும்.

இதன் பின்னால் இருக்கிற கணக்கு எளிது. சாதாரண மார்ஃபின் ஒரு வேளை கொடுத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும். எஸ்.ஓ.எஸ். முறையில் அது தீர்ந்து, வலி ஏறி, நோயாளி பொறுத்துப் பார்த்து, கேட்டு, மருந்து வருவதற்குள் வலியோடு பயமும் சேர்ந்துவிடுகிறது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போலத்தான் இது. அந்த நிலையில் வலியை அடக்க அதிக அளவு தேவைப்படும். அதிக அளவு கொடுத்தால் நோயாளி அசந்து தூங்குவார். எழுந்ததும் மறுபடி வலி. அடுத்த ஊசி எப்போது என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இருக்காது. அதைப் பார்த்து, பாருங்கள், அடிமையாகிவிட்டார் என்பார்கள். மணி பார்த்துக் கொடுக்கும்போது வலி தலைதூக்குவதே இல்லை. குறைந்த அளவே போதும். நோயாளி தெளிவாக இருப்பார். கெஞ்ச வேண்டியதும் இல்லை. என் அத்தையைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் சிஸ்டர் சொன்ன பன்னெண்டரை மணிதான் ஞாபகம் வந்தது. லண்டனில் ஓர் ஏழைகள் இல்லத்தில் நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ வருஷம் கழித்து, எங்கள் ஊர்ப் பக்கத்து வார்டில் ஒரு நர்ஸுக்குத் தானாகவே தெரிந்திருந்தது. இரவு முழுக்க ஒரே நோயாளியின் அருகில் இருந்து, எத்தனை மணிக்கு மருந்து போனது, எத்தனை மணிக்கு முகம் சுருங்கியது என்று பார்க்கிற யாருக்கும் தெரியக்கூடியதுதான். அப்படிப் பார்க்கிற இடத்தில் நிற்பவர் நர்ஸ் மட்டுமே. காலையில் ஐந்து நிமிடம் வந்துபோகிறவரின் கண்ணில் அது படாது. அது அவருடைய அறிவுக் குறைவு இல்லை, அவர் நிற்கிற இடம் அப்படி.

பேரட் சொன்ன பதில்

மறுபடியும் முழுநேர நர்ஸாகப் போய்விடலாமா, முதுகுக்குத் தோதாக இரவுப் பணியாவது பார்க்கலாமா என்று சாண்டர்ஸ் யோசித்திருக்கிறார். அப்போது அவர் செயின்ட் தாமஸில் நார்மன் பேரட் என்ற அறுவை மருத்துவரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உணவுக்குழாய் நோய் ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது, அந்த அளவுக்குப் பெரிய ஆள். அவரிடம் தன் எண்ணத்தைச் சொன்னார். பேரட்டின் பதில் சாண்டர்ஸ் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று: போய் மருத்துவம் படியுங்கள். சாகிறவர்களைக் கைவிடுவது டாக்டர்கள்தான். வலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஒழுங்காகப் படிக்காமல் இறங்கினால் மனம் வெறுத்துப்போவீர்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பதிலில்தான் நான் பல நாள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் படிக்கும்போது இது ஒரு பெருந்தன்மையான பேச்சு. 1951இல், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு பெரிய அறுவை மருத்துவர், உன்னால் முடியும், போய்ப் படி என்கிறார். தன்னைப் போன்ற டாக்டர்களே சாகிறவர்களைக் கைவிடுகிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். மருத்துவக் கல்லூரியில் சேர அவருக்கு உதவியும் செய்தார். வலியைப் பற்றி ஆராய்ச்சி தேவை என்பதிலும் அவர் சொன்னது சரி. மருந்தின் அளவு, பக்க விளைவு, எந்த வலிக்கு எது கேட்கும் எது கேட்காது என்பதெல்லாம் அக்கறை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள் இல்லை. அதற்குப் படிப்பு வேண்டும். சாண்டர்ஸ் படித்தார். 33 வயதில் சேர்ந்து, 1957இல் மருத்துவராக வெளியே வந்தார்.

ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள். செயின்ட் லூக்ஸில் மணி பார்த்துக் கொடுக்கிற வழக்கம் சாண்டர்ஸ் அங்கே போவதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. அந்த நர்ஸுகள் அதை ஒளித்துவைக்கவில்லை. லண்டன் நடுவே, பெரிய மருத்துவமனைகளிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் அது நடந்துகொண்டிருந்தது. யாரும் வந்து பார்த்து, தங்கள் வார்டில் செய்யவில்லை. அந்த விஷயம் வெளியே போக ஒருத்தி ஆறு வருஷம் போல மருத்துவக் கல்லூரியில் இருந்துவிட்டு வர வேண்டியிருந்தது. அந்த வருஷங்களில் அதே நகரத்தின் வார்டுகளில் எத்தனை பேர் வலியோடு போயிருப்பார்கள் என்று யோசித்தால் மனது ஆறவில்லை. பேரட் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பிரச்சினை. சித்தப்பா சொன்னதும் அதேதான். இருவருமே உலகம் எப்படி இருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னார்கள். அது அப்படியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஹாக்னியில் ஒரு நோட்டும் ஒரு டேப் ரெக்கார்டரும்

மருத்துவரானதும் சாண்டர்ஸ் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் சுவாரசியமானது. 1958இல் வலி பற்றிய ஆராய்ச்சிக்கு உதவித்தொகை பெற்று, கிழக்கு லண்டன் ஹாக்னியில் இருந்த செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்துக்குப் போனார். ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் நடத்திய இடம். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் எழுதிவைக்கும் வழக்கம் இல்லை, மருந்தும் கேட்டால்தான். அவர் மணி பார்த்து, முடிந்தவரை வாய் வழியாகவே மருந்து கொடுப்பதைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள் அங்கே சேர்ந்தன. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான், முறையாகக் கொடுத்தால் மார்ஃபின் அளவு கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போவதில்லை, போதை அடிமைத்தனம் என்ற பயம் இங்கே பொருந்துவதில்லை என்று அவரால் மற்ற மருத்துவர்கள் முன் நின்று சொல்ல முடிந்தது.

குறிப்போடு நிற்காமல் நோயாளிகளின் பேச்சையும் டேப்பில் பதிவு செய்தார். ஒரு பெண்மணியிடம் உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதுகில் ஆரம்பித்தது டாக்டர், ஆனால் இப்போது என் முழு உடம்புமே, நானே சரியில்லாமல் போனது மாதிரி இருக்கிறது என்று தொடங்கினார் அவர். கணவரும் மகனும் அருமையானவர்கள், ஆனால் என்னைப் பார்த்துக்கொள்வதென்றால் வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழக்க வேண்டியிருக்கும் என்றார். யாருக்கும் என் நிலைமை புரியவில்லை என்று தோன்றியது என்றார். முழுமையான வலி என்று சாண்டர்ஸ் 1960களில் எழுதிய கருத்து இங்கிருந்துதான் வந்தது. உடம்பு, மனம், குடும்பம், பணம், கடவுளிடம் கேட்கிற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் வலி. இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்தப் பதிலை எத்தனை டாக்டர்கள் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். முதுகில் எங்கே, எவ்வளவு நாளாக என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சம்பளக் கதை வராது. படுக்கை விரிப்பு மாற்றும்போதும் உடம்பு துடைக்கும்போதும்தான் மனிதர்கள் அதைச் சொல்வார்கள். சாண்டர்ஸுக்கு நர்ஸாக இருந்து கேட்டுப் பழக்கம் இருந்தது. சமூகப் பணியாளராக இருந்து, ஒரு குடும்பத்தின் சம்பளம் நின்றுபோனால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. மருத்துவப் படிப்பு அவருக்கு அதை எழுதும் உரிமையைக் கொடுத்தது. கேட்கும் காதை அது கொடுக்கவில்லை. 1959இல் சாகிறவர்களைப் பராமரிப்பது பற்றி அவர் தொடர் கட்டுரைகள் எழுதியபோது அவை வந்தது 'நர்சிங் டைம்ஸ்' என்ற நர்ஸுகளின் இதழில். டாக்டர் பட்டம் கையில் இருந்தும் அவர் அங்கேதான் போய்ப் பேசினார். யாருக்கு உடனே புரியும் என்று அவருக்குத் தெரியும்.

ஐம்பத்து நான்கு படுக்கைகள்

1967இல் தெற்கு லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கிற இல்லம், திறந்தது. 54 படுக்கைகள். டாஸ்மாவின் 500 பவுண்டிலிருந்து இந்தக் கட்டடத்துக்கு வர 19 வருஷம் ஆனது. நுழையும் இடத்தில் அவருக்கான ஜன்னல் இருக்கிறது. நிதி திரட்டியது, இடம் தேடியது, சாண்டர்ஸின் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை, கருணைக் கொலையை அவர் கடைசி வரை எதிர்த்தது, பின்னாளில் போலந்து ஓவியர் மரியன் போஹுஷ்-ஷிஷ்கோவை அறுபதைத் தாண்டிய வயதில் மணந்தது என்று சொல்ல நிறைய உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது 1969இல் நடந்தது. அந்த வருஷம் செயின்ட் கிறிஸ்டோபர்ஸிலிருந்து நர்ஸுகள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். கட்டில், கட்டடம் எல்லாம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வீட்டுக்குப் போகும் நர்ஸ் கிடைத்தால் தெருவெல்லாம் வார்டுதான். ஹாஸ்பிஸ் என்பது ஓர் இடத்தின் பெயராக இருந்து ஒரு வேலைமுறையின் பெயராக மாறியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகள் வரை வந்தது அதுதான். பிரிட்டனில் சாகும் நோயாளிகளுக்கு ஹெராயின், கொக்கெய்ன் எல்லாம் கலந்த ஒரு திரவ மருந்து கொடுக்கிற பழக்கம் இருந்தது. அதில் ஹெராயின்தான் உயர்ந்தது என்ற நம்பிக்கையும் இருந்தது. 1970களில் ராபர்ட் டுவைகிராஸ் என்ற இளம் மருத்துவர் செயின்ட் கிறிஸ்டோபர்ஸில் ஹெராயினையும் மார்ஃபினையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முறையாக வாய் வழியாகக் கொடுத்தால் மார்ஃபினுக்கும் ஹெராயினுக்கும் நடைமுறையில் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. பிரிட்டனுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் மருந்தாகக்கூட ஹெராயினுக்கு இடமில்லை. மார்ஃபின் போதும் என்றானதும், இந்த வைத்தியம் எந்த நாட்டுக்கும் போகலாம் என்றாகிவிட்டது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வாய் வழியாகக் கொடுங்கள், மணி பார்த்துக் கொடுங்கள், படிப்படியாக ஏற்றுங்கள் என்பதுதான் அதன் சாரம். செயின்ட் லூக்ஸ் நர்ஸுகளின் கடிகாரம் ஐ.நா. சபையின் ஓர் அமைப்பின் ஏடுவரை போய்ச் சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அந்த ஏடு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1985இல், இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. மார்ஃபின் எடுக்கத் தேவையான அபினை வெளிநாடுகளுக்கும் கொடுத்துவந்த நாடு நாம். ஆனால் புதிய சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளில், மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்திருப்பதையே கைவிட ஆரம்பித்தன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்த மருந்தை எழுதாமலேயே படித்து முடித்து வந்தார்கள். அத்தையின் டாக்டரும் அந்தத் தலைமுறைதான். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காகப் பல வருஷம் போராடியவர்களில் முதன்மையானவர் கேரளத்தின் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். அவரும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலி நிவாரண அமைப்புக்கு ஆரம்பத்தில் வழிகாட்டியவர்களில் ஒருவர் கில்லி பர்ன், இங்கிலாந்திலிருந்து இந்தியாவெங்கும் அலைந்து டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் சொல்லிக்கொடுத்த ஒரு நர்ஸ். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேரளத்தில் இன்று பஞ்சாயத்துதோறும், நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் வேதனையையும் தணிக்கிற நோய் ஆதரவு சிகிச்சைக்கான (பேலியேட்டிவ் கேர்) நர்ஸ் வீடு தேடிப் போகிறார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது.

கேட்க வைப்பதற்கு வேறு வழி

சாண்டர்ஸ் 2005 ஜூலையில், தான் கட்டிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸிலேயே, மார்பகப் புற்றுநோயால் இறந்தார். டேம் பட்டம், ஆர்டர் ஆஃப் மெரிட் என்று பிரிட்டனின் உயரிய விருதுகள் எல்லாம் வந்திருந்தன. அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் உகாண்டாவில் நடந்த ஒன்றைத்தான் நான் சித்தப்பாவின் கேள்விக்கான பதிலாக நினைக்கிறேன். அங்கே ஆன் மெரிமன் என்ற மருத்துவர் 1993இல் ஒரு ஹாஸ்பிஸ் அமைப்பைத் தொடங்கியிருந்தார். மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்து, வீரியத்துக்கு ஏற்ப நிறம் சேர்த்து, சாதாரண பாட்டிலில் கொடுக்கிற எளிய முறை. மருந்து மலிவு. ஆனால் எழுதிக் கொடுக்க டாக்டர் வேண்டும். கிராமங்களில் டாக்டர் ஏது? 2004இல் அந்த நாடு சட்டத்தை மாற்றியது. நோய் ஆதரவு சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ் மார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம். பேரட் கொடுத்த யோசனை, கேட்க வைக்க வேண்டுமானால் நீ டாக்டராகு என்பது. உகாண்டா செய்தது, நர்ஸ் சொல்வதே போதும் என்று சட்டம் எழுதியது. பிறகு 2012இல் இங்கிலாந்திலும், மருந்து எழுதத் தகுதி பெற்ற நர்ஸுகளுக்கு மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதும் உரிமை விரிவாக்கப்பட்டது.

ஆகவே சித்தப்பா, அந்த அம்மா நர்ஸாகவே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அவர் நர்ஸாக இல்லாமல் இருந்திருந்தாலும் நடந்திருக்காது. மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் லண்டனில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், செயின்ட் லூக்ஸின் மாலை நேரங்களை அவர்களில் ஒருவரும் வெளியே கொண்டுவரவில்லை. நர்ஸாக அவர் பார்த்ததுதான் விஷயம், டாக்டர் பட்டம் அதை ஊரார் காதில் போடுவதற்கான செலவு. அந்தச் செலவை ஒவ்வொரு நர்ஸையும் செய்யச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

நம் ஊரில் மார்ஃபின் எழுதும் உரிமை இன்றும் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும்தான். வீடு தேடிப் போகும் நர்ஸ் புண்ணைக் கட்டுகிறார், குழாய் மாற்றுகிறார், வீட்டாருக்குப் பக்குவம் சொல்லிக்கொடுக்கிறார், வலியைப் பார்க்கிறார். மருந்தைக் கூட்டவோ நேரத்தை மாற்றவோ இன்னொருவரைக் கேட்க வேண்டும். இதை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. முறையான பயிற்சியும் தேர்வும் வைக்கலாம். டாக்டர் ஒரு முறை பார்த்து மார்ஃபின் தொடங்கிய நோயாளிக்கு, ஒரு வரம்புக்குள் அளவையும் நேரத்தையும் மாற்றும் உரிமையை முதலில் கொடுக்கலாம். பதிவேடு இருக்கட்டும், மாதாமாதம் சரிபார்க்கட்டும், மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே எழுத அனுமதிக்கட்டும், ஏனென்றால் மார்ஃபின் எடுப்பவர்களை அதிகம் வதைப்பது அதுதான். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கிற இடத்தில், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று திருத்துகிற அதிகாரம் இரவு டியூட்டி சிஸ்டருக்கு வேண்டும். என் தங்கை மகள் படித்து முடிக்க இன்னும் சில வருஷம் இருக்கிறது. அதற்குள் செய்யக்கூடிய காரியம்தான் இது.